ஊதாக் கோட்டைத் தாண்டிய சிவப்பு

கத்தி முனை என் இடது கைக் கட்டைவிரலில் குத்தியபோது ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. மாட்டுவண்டிக்காரர் ஒருவரின் தொடையில் பழுத்திருந்த கட்டியைக் கீறிக்கொண்டிருந்தேன். அவர் வலி பொறுக்காமல் காலை உதறினார், கத்தி நழுவியது. சீழில் நனைந்திருந்த முனை, எறும்பு கடித்த அளவுக்கு விரலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. கையைக் கார்பாலிக் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு அவருக்குக் கட்டுப் போட்டு அனுப்பினேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். அதற்குப் பிறகு எட்டுப் பேருக்குக் குளிர் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து கலந்து கொடுத்தேன். விரலை மறந்தே போனேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவின் கேரி தீவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் நான். பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா எஞ்சினுக்குக் கரி தள்ளியவர். கோலாலம்பூரில் வேலை பழகிவிட்டுத் தீவுக்கு வந்தபோது எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை படகில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஜனங்களுக்கு டாக்டர் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. வேலையை நன்றாகவே செய்தேன்.

ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் செய்யவில்லை. இது நடப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, காடு வெட்டுகிறவர் ஒருவர் கெண்டைக்கால் வலிக்கிறது என்று வந்தார். முள் கீறியது போல ஒரு கோடு, லேசான வீக்கம், அவ்வளவுதான். ஆனால் மனுஷர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காலை வெட்டிப் போட்டுடுங்க ஐயா" என்று அலறினார். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார் என்று நினைத்தேன். சுளுக்குத் தைலம் கொடுத்து லயத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பெண்டாட்டியை யார் என்று கேட்டார். படகு ஏறும் முன்பே போய்விட்டார்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் பெட்டியிலிருந்த தடித்த புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். தோலுக்கு அடியில் பரவுகிற விஷம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காயத்துக்கும் வலிக்கும் பொருத்தமே இருக்காது. பிறகு அது ரத்தத்தில் கலந்து ஆளையே சாய்த்துவிடும். அந்தப் பக்கத்தை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். அதற்குப் பிறகு, வலி என்று வந்த யாரையும் நடிக்கிறார் என்று நான் நினைத்ததில்லை. காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டு, சிவந்த இடத்தின் ஓரத்தில் ஊதாக் கோடு போட்டுப் பக்கத்தில் மணியையும் எழுதிவைப்பது அப்போதிருந்துதான் என் வழக்கமாயிற்று. சிவப்பு கோட்டுக்குள் நின்றால் நான் பார்த்துக்கொள்வேன். தாண்டினால் படகு, அக்கரையில் கிள்ளான் ஆஸ்பத்திரி.

குத்துப்பட்ட மறுநாள் விடியற்காலை, பல் கிடுகிடுக்கும் நடுக்கத்தோடு விழித்தேன். கட்டிலே ஆடியது. என் மனைவி இரண்டு போர்வையைக் கொண்டுவந்து மேலே போட்டாள்.

"குளிர் காய்ச்சல்தானுங்க. கொய்னா எடுத்துட்டு வரட்டா?"

போர்வையின் ஓரம் என் இடது கைமேல் பட்டது. நான் போட்ட கூச்சலில் அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள். துணி பட்டதற்கு யாராவது அப்படிக் கத்துவார்களா? அந்தக் கேள்வியிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிக் கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வீக்கம். யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள். ஆனால் வலி முழங்கை வரை இருந்தது. ரப்பர் பால் தகட்டை அழுத்தும் உருளைக்குள் கையை விட்டு யாரோ மெதுவாகச் சுற்றுவது போல இருந்தது. மணிக்கட்டிலிருந்து உள்கை வழியாக ஒரு சிவப்பு இழை மேலே ஏறியிருந்தது. அக்குளில் நெல்லிக்காய் போல ஒரு நெறி. நாடியை எண்ணினேன்: நிமிஷத்துக்கு நூற்றிருபது. உட்கார்ந்திருந்த எனக்கு, ஏணி ஏறியவனைப் போல மூச்சு வாங்கியது.

"பென்சில எடு. கடியாரத்தையும் எடு" என்றேன்.

சிவப்பு முடிந்த இடத்தில் நானே கோடு போட்டு, ஆறரை என்று எழுதினேன். பிறகு அவளிடம் பென்சிலைக் கொடுத்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போனவள் அல்ல. ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பத்துப் பெண். ஆனால் கல்யாணமான புதிதிலேயே கடிகாரம் பார்க்கவும் எண் எழுதவும் தானாகக் கேட்டுப் பழகிக்கொண்டாள். மருந்து வேளை சொல்வதற்கு அது எனக்கு எத்தனையோ நாள் உதவியிருக்கிறது.

ஏழரைக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. அவள் இரண்டாவது கோட்டைப் போட்டாள். கோடு கோணலாக விழுந்தது. பரவாயில்லை என்றேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுக் கிராணி வந்துவிட்டார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுபவர், நல்ல மனிதர், எதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பார். கையைப் பார்த்த மாத்திரத்தில் தீர்மானமாகச் சொன்னார்:

"இது அக்கிதான்லா, டிரெஸ்ஸரே. அஞ்சாம் லயத்துல அக்கி எழுதுறவர் இருக்காரு. காவியக் குழைச்சு மேல எழுதிட்டா மூணே நாள்ல அடங்கிடும். இந்த உடம்போட படகு ஏறப் போறீங்களா?"

என் மனைவிக்கும் அது சரியென்று பட்டது. சின்ன வயதில் அவளுக்கே அக்கி எழுதியிருக்கிறார்கள், குணமாகியிருக்கிறது. "எழுதிட்டே போவோமுங்க. என்ன குறைஞ்சிடும்?" என்றாள்.

"காவிய மேல பூசிட்டா, சிவப்பு எங்க ஓடுதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன். "அக்கி எரியும், அரிக்கும், கொப்புளம் போடும். நடுக்கம் எடுக்காது, மூச்சு வாங்காது. இது ஒரு மணி நேரத்துல ரெண்டு விரற்கடை நடந்திருக்கு. நாளைக்கு நெஞ்சுக்கு வந்துடும். இத நான் பார்த்திருக்கேன்."

அந்தக் காடு வெட்டியவரைப் படகுத்துறைக்குத் தூக்கிச் சென்றவர்களில் கிராணியும் ஒருவர். அக்கியை விட்டுவிட்டு லோரியைக் கூப்பிட ஓடினார்.

லோரி வருவதற்குள், மனைவியை எதிரே உட்காரவைத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். மூளை தெளிவாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"நல்லாக் கேட்டுக்க. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் உளற ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்பேன். அப்ப நான் சொல்றது எதையும் கேக்காத. தூங்கறேன்னு சொன்னா விடாத. கை கால் சில்லுனு ஆச்சுன்னா, முட்டியில நீலம் பாஞ்ச மாதிரி திட்டுத் திட்டாத் தெரிஞ்சா, எங்கயும் நிக்காத. ஒரு மணிக்கு ஒரு கோடு போடு."

"சரி."

"இன்னொண்ணு. திடீர்னு வலி போயிடுச்சு, எனக்கு நல்லாயிடுச்சுன்னு சொல்லுவேன். அதுதான் எல்லாத்திலயும் மோசம். தோல் செத்துப்போச்சுன்னா வலி தெரியாது. அப்ப நான் திரும்பிப் போகலாம்னு சொன்னா, நீ அடிச்சாவது கூட்டிட்டுப் போ."

அவள் அழவில்லை. "டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள்.

"நேத்து மூணு மணிக்குச் சீழ்க்கட்டிய அறுத்த கத்தி குத்திச்சு. காலையில நடுக்கம். காயம் சின்னது, வலி பெருசு. இவ்வளவுதான். மத்ததக் கோடு சொல்லும்."

லோரியில் ஏறும் முன் அவள் அதை மூன்று முறை எனக்கு ஒப்பித்துக் காட்டினாள்.

தோட்டத்து மோட்டார் படகு அன்று அதிகாலையிலேயே மேனேஜர் துரையை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்தது. படகுத்துறையில் ஒரு மலாய் மீனவரின் சாம்பான் தோணி மட்டும் நின்றது. அதுவும் ஆற்றோரச் சேற்றில் அரைவாசி அமுங்கிக் கிடந்தது. அவர் தண்ணீரைக் காட்டி, "ஆயர் சூருட்" என்றார். ஆற்றில் நீர் வற்றியிருக்கும் நேரம். இன்னும் இரண்டு மணி நேரமாவது பொறுக்கவேண்டும் என்று விரலை மடக்கிக் காட்டினார்.

என் மனைவி சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். "என்சே, பாருங்க" என்று மீனவரை மரியாதையாகக் கூப்பிட்டு, துறை விளிம்பில் உட்கார்ந்திருந்த என் கையைத் தூக்கிக் காட்டினாள். அப்போது கட்டைவிரலின் அடியில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. சாதாரணக் கொப்புளத்தின் நிறமில்லை. நாவற்பழச் சாறு ஊறினது போல இருந்தது. மீனவர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். கிராணி, லோரி ஓட்டுபவர், மீனவர், என் மனைவி நான்கு பேரும் இடுப்பளவு சேற்றில் நின்று சாம்பானைத் தள்ளினார்கள். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. என்னைத் தோளில் தூக்கிப் போய்ப் படகில் வைத்தவர் கிராணி. அவருடைய வெள்ளைச் சட்டை அன்றோடு சரி.

நடு ஆற்றில் எனக்கு வலி நின்றது.

அந்தச் சுகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. வெயில் இதமாக இருந்தது. கண்டல் மரங்கள் ரொம்ப அழகாகத் தெரிந்தன. இத்தனை பேரை வீணாகச் சிரமப்படுத்திவிட்டேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. "வலி விட்டுடுச்சு. காத்துல வந்தது சரியாயிடுச்சு. படகத் திருப்பச் சொல்லு, ஆஸ்பத்திரியில ஆளுங்க காத்துட்டிருப்பாங்க" என்று நிதானமாகச் சொன்னேன். நான் உளறுகிறேன் என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்து எச்சரித்த அதே ஆள்தான், அது வந்தபோது அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவியின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அவள் மீனவரிடம் "லெக்காஸ், லெக்காஸ்" என்று கத்தினாள். சீக்கிரம், சீக்கிரம். அதோடு என் ஞாபகம் அறுந்துவிட்டது. இனிமேல் சொல்வதெல்லாம் அவள் சொல்லிக் கேட்டது.

நான் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். திருப்பு, திருப்பு என்று எழுந்து நின்று படகைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன். அவள் தன் முந்தானையால் என்னைப் படகின் குறுக்குப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். அக்கரையில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் கண்டக்டரைப் பார்த்து, இவள் யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொன்னேனாம். "நேத்து வரைக்கும் தெரிஞ்சுது. நாளைக்கும் தெரியும். வண்டிய எடுங்க அண்ணே" என்று அவள் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் ஐந்தாவது கோட்டைப் போட்டாள். அது முழங்கைக்கு மேலே இருந்தது.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். நான் தள்ளாடுவதைப் பார்த்து வரிசையில் இருந்த ஒருவர், "காலையிலேயே கள்ளா?" என்று சிரித்திருக்கிறார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய், என் சட்டைக் கையைச் சுருட்டி, டாக்டர் முன்னால் கையை நீட்டிவைத்தாள்.

இவர் தீவுக்கு வரும் டாக்டர் அல்ல; யாழ்ப்பாணத்துக்காரர், நடுவயது. கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்திலிருந்த எண்களைப் படித்தார். கொப்புளத்தைச் சுற்றித் தொட்டுப் பார்த்தார். நான் கையை இழுக்கவில்லை. முழங்கால் வேட்டியை விலக்கிப் பார்த்தார்.

"இந்தக் கோடெல்லாம் ஆர் போட்டது?"

"முதல் கோடு அவரு போட்டதுங்க. மத்தது நான்."

"எப்பிடித் துவங்கினது? சொல்லுங்கோ."

அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நேற்று மூன்று மணி, சீழ்க்கட்டிக் கத்தி, காலையில் நடுக்கம், காயம் சின்னது, வலி பெருசு. பிறகு, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தானாகச் சேர்த்தாள்: "ஒம்பதே முக்காலுக்கு வலி நின்னுபோச்சுங்க. காலையிலேருந்து ஒண்ணுக்கும் போகல."

டாக்டர் எழுந்துவிட்டார். "நீங்கள் சொன்னது காணும், போதும், அம்மா. இனி நாங்கள் பாக்கிறம்" என்றவர், அங்கேயே நின்று குளோரோபாமுக்கு ஆள் சொல்லி அனுப்பினார். வாசலில் நாங்கள் நின்ற நேரத்துக்கும் என்னை மேஜையில் படுக்கவைத்த நேரத்துக்கும் நடுவே இருபது நிமிஷம்கூட இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை திறந்தார்கள். உள்ளே சீழ் இல்லையாம். அரிசி கழுவின தண்ணீர் போல ஏதோ வந்ததாம். செத்துச் சாம்பல் நிறமான சதையையெல்லாம் வெட்டி எடுத்தார்கள். கட்டைவிரலையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் மறுபடியும் திறந்து பார்த்து இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். மூன்றாம் நாளும் அப்படியே. நடுவில் உப்புத் தண்ணீரை உடம்புக்குள் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு, என்னை மேஜையில் ஏற்றும் முன் அவள் போட்ட ஆறாவது கோட்டுக்கு வந்து, அங்கே நின்றுவிட்டது.

நான்காம் நாள் எனக்கு நினைவு திரும்பியது. வார்டு முழுக்கக் குளோரின் வாடை அடித்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். சேலையில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன?"

"பஸ்ஸுல தெரியலன்னீங்க." சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். நாலு நாள் அழுகையும் அப்போது வந்தது.

கட்டுகளுக்குள் கட்டைவிரல் இல்லை என்று டாக்டர் அன்று மாலை என்னிடம் சொன்னார். நான் வலது கையை அசைத்துப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது. "பேனா பிடிக்கவும் கத்தி பிடிக்கவும் இது போதும் டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். "இன்னும் அரை நாள் பிந்தி வந்திருந்தால் இந்தக் கதை கதைக்க நீங்கள் இருந்திருக்க மாட்டியள்" என்றார். உண்மைதான். ஆனால் நாங்கள் பிந்தவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு; பாதிப் பெருமை எனக்கு, மீதி அவளுக்கு. மாட்டுவண்டிக்காரர் பத்து நாளில் தொடை ஆறி வண்டி ஓட்டப் போய்விட்டார் என்று கிராணி வந்து சொன்னார். ஒரே சீழ், ஒருவருக்கு வெறும் கட்டி, இன்னொருவருக்கு இந்தப் பாடு. அதுதான் இந்த நோயின் குணம்.

தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் ஒட்டி, அது பிடித்து, நான் தீவுக்குத் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. துரை வேலையை எனக்காகவே வைத்திருந்தார். நான்கு விரலும் முதலில் மடங்கவில்லை. வெந்நீரில் வைத்து வைத்து மடக்கிப் பழகினேன். கட்டுத்துணியைப் பல்லால் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றக் கற்றேன். லயத்துப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வெளியே இருந்த மாற்றம் அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குள் இன்னொன்று மாறியிருந்தது. ஜனங்கள் என்னிடம் காட்டும் முன் என் மனைவியிடம் காட்ட ஆரம்பித்தார்கள். பெண்கள் டிரெஸ்ஸரிடம் காட்டக் கூச்சப்பட்டு மறைத்துவைக்கும் புண்களெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தன.

கையைக் காட்டுவதற்கு மாதம் ஒருமுறை கிள்ளானுக்குப் போய்வருவேன். ஒருநாள் அப்படிப் போய்விட்டுப் பிற்பகலில் சாம்பானில் திரும்பிக்கொண்டிருந்தேன். நடு ஆற்றில் எதிரே தோட்டத்து மோட்டார் படகு வேகமாக வந்தது. அதில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில், பிள்ளை பெற்றுப் பத்து நாளான பால்வெட்டுப் பெண் ஒருத்தி பாயில் படுத்திருந்தாள். மார்பில் சின்னதாக ஒரு வெடிப்பு, அதிலிருந்து அக்குள் வரை சிவப்பு, காலையில் நடுக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். டிரெஸ்ஸர் வரும்வரை பொறுக்கலாமே என்று துரையே சொன்னாராம். கோடு போட்டு, பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் சிவப்பு எவ்வளவு நடந்திருக்கிறது என்பதைக் காட்டி, அவருடைய படகையே இவள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் சாம்பானைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நீங்க வரவேணாம், நான் சொல்லிக்கிறேன்" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "சோறு வடிச்சு வச்சிருக்கேன். சாப்பிடுங்க. இவள விட்டுட்டு வரேன்."

படகு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பெண் பிழைத்தாள். ஒன்றையும் இழக்காமல் மூன்றே வாரத்தில் திரும்பினாள். ஆனால் அன்று பிற்பகல் அது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே, ஒரு கவலையும் இல்லாமல், வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.